கோயில் கிணற்று மோட்டாரை மாற்றிய அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்பூட்டை அடுத்த எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை நம்பியே இருக்கிறது. இடி மழை அடித்து ஓய்ந்த ஒரு மாலைக்குப் பிறகு நீர்மூழ்கி மோட்டார் ஓடவில்லை. சுவிட்சைத் தட்டியதுமே ஈஎல்சிபி (மின்கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்தது. மோட்டாரைக் கிளப்ப உதவும் கப்பாசிட்டர் போயிருக்கும் என்று நிர்வாகத்தில் பலரும் சொன்னார்கள். கப்பாசிட்டர் பழுதானால் மோட்டார் கிளம்ப முடியாமல் முனகும், சற்றுப் பொறுத்து, மின்னோட்டம் மிகுந்தால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு விழும். ஈஎல்சிபி விழுவதோ மின்சாரம் எங்கோ எர்த்துக்குக் கசிவதன் அடையாளம்.

பதிவு பெற்ற வயர்மேன் ஒருவரை அழைத்தோம். அவர் மெயினை அணைத்துவிட்டு, கிணற்றுக்குள் இறங்கும் மூன்று வயர்களையும் கண்ட்ரோல் பாக்ஸிலிருந்து கழற்றி, அவற்றுக்கிடையே ஓம் அளவு பார்த்தார். பொது வயரிலிருந்து மற்ற இரண்டுக்கும் கிடைக்கும் அளவுகளின் கூட்டுத்தொகையே அந்த இரண்டுக்கும் இடையிலும் வர வேண்டும். வந்தது, ஆகவே காயில் அறுபடவில்லை. பிறகு மின்காப்பை அளக்கும் 500 வோல்ட் மெக்கரை வயர்களுக்கும் எர்த்துக்கும் இடையே வைத்துப் பார்த்தபோது, முள் பூஜ்ஜியத்தை விட்டு அசையவே இல்லை, அதாவது எங்கோ மின்காப்பு போயிருந்தது.

இந்த அளவு மோட்டாரை மட்டும் குற்றம் சாட்டுவதில்லை. கேபிளின் உறை தேய்ந்திருந்தாலும், தண்ணீருக்குள் இருக்கும் ஜாயிண்டில் ஈரம் ஏறியிருந்தாலும் இதே பூஜ்ஜியம்தான் வரும். கடைக்காரர், "அண்ணே, முழு செட்டையும் மாத்திடுங்க" என்றார், நாங்கள் சம்மதிக்கவில்லை. பாலி பைப்பையும் கயிற்றையும் பிடித்துப் பம்பை மேலே இழுத்து, ஜாயிண்டை வெட்டி, கேபிளையும் மோட்டாரையும் தனித்தனியே சோதித்தோம். கேபிளில் கசிவு இல்லை, மோட்டாரில்தான் இருந்தது. மோட்டாரைக் கழற்றியபின் பம்பின் தண்டைக் கையால் சுழற்றினால் தடையின்றிச் சுற்றியது. 4 அங்குல மோட்டார்களின் இணைப்பு பெரும்பாலும் ஒரே தர அளவில் இருப்பதால் பழைய பம்போடு புது மோட்டார் பொருந்திவிட்டது, பணமும் மிச்சமானது. கண்ட்ரோல் பாக்ஸ் மட்டும் புது மோட்டார் கேட்கும் கப்பாசிட்டர் அளவுக்கு ஒத்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதிக நேரம் பிடித்தது ஜாயிண்ட் வேலைதான். மூன்று இணைப்புகளும் ஒன்றன்மேல் ஒன்று படாதபடி வயர்களை வெவ்வேறு நீளத்தில் வெட்டி, கிரிம்ப் செய்து (உலோகக் குழலில் நுழைத்து நசுக்கி இணைத்து), உட்புறம் பசை பூசிய சுருங்கு குழாயை ஏற்றிச் சூடு காட்டினார் வயர்மேன். குழாயின் இரு முனைகளிலும் பசை கசிந்து வெளியே தெரியும்வரை அவர் கையை எடுக்கவில்லை. இறக்குவதற்கு முன்பும் இறக்கிய பின்பும் மெக்கர் வைத்தார்.

கேபிளைப் பிடித்து இறக்கக் கூடாது. பாரம் முழுவதையும் பைப்பும் கயிறும் தாங்க வேண்டும். மோட்டார் சேற்றில் புதைந்தால் அதைக் குளிர்விக்கும் நீரோட்டம் தடைப்படும் என்பதால், கிணற்றின் அடியிலிருந்து நன்றாக உயர்த்தியே தொங்கவிட்டோம். முதலில் வந்த கலங்கல் நீரை வெளியே விட்டு, தெளிந்த பிறகே தொட்டிக்குத் திருப்பினோம். கிளாம்ப் மீட்டர் காட்டிய ஆம்பியர், மோட்டார் தகட்டில் குறித்திருந்ததற்குள் அடங்கியது. இடிக்குப் பாதுகாப்பாக, திடீர் மின்னழுத்த எழுச்சியை எர்த்துக்குத் திருப்பும் சர்ஜ் அரெஸ்டர் ஒன்றையும் பொருத்தி, அன்றைய ஓம், ஆம்பியர் அளவுகளைக் கண்ட்ரோல் பாக்ஸின் மூடிக்குள் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறோம்.