பெர்லினில் என் பெயர் தபால் பெட்டிக்கு வந்த கதை

2025 செப்டம்பர் கடைசியில் மாஸ்டர்ஸ் படிக்க பெர்லின் வந்து இறங்கினேன். சொந்த ஊர் திண்டுக்கல். ஏபிஎஸ் சான்றிதழ் (நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது), பிளாக்டு அக்கவுண்ட்டில் (செலவுக்கான பணத்தை முன்பே போட்டு, மாதாமாதம் மட்டும் எடுக்கும் கணக்கு) 11,904 யூரோ, இன்சூரன்ஸ், விசா என்று அதற்கு முன்பே ஒரு வருடம் காகிதத்தின் பின்னால் ஓடியாகிவிட்டது, அதனால் விமானம் ஏறும்போது இனி படிப்பு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டேன். இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது, எதைக் கேட்டாலும் கடைசியில் ஒரு தாளில் போய் நிற்கிறது. நாம் எந்த வீட்டில் குடியிருக்கிறோம் என்று பதிவு செய்ததற்கான தாள். அன்மெல்டுங் என்பார்கள். அடுத்த செமஸ்டருக்கு வரப்போகிற தம்பி தங்கைகள் இதை ஊரிலிருக்கும்போதே தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் செய்த முதல் தப்பு அறை எடுத்த விதம். மாணவர் விடுதிக்குப் பதிவு செய்துவிட்டு வந்தேன், ஆனால் அந்த வரிசை சீக்கிரம் நகராது. கையில் இடம் இல்லையே என்ற பயத்தில் வெட்டிங் பகுதியில் ஒரு மாதத்துக்கு உள்வாடகை அறை பிடித்தேன். விளம்பரத்திலேயே 'அன்மெல்டுங் கிடையாது' என்று போட்டிருந்தார்கள், அதன் அர்த்தம் எனக்கு அப்போது புரியவில்லை. குடிவந்து 14 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது இங்கே சட்டம். அதற்கு வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது, 'இவர் இந்தத் தேதியில் என் வீட்டில் குடிவந்தார்' என்று வீடு கொடுத்தவர் தனியாக ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் பதிவு இல்லை, பதிவு இல்லாமல் வரி எண் வராது, நான் முதலில் போன வங்கியில் கணக்கும் திறக்க முடியவில்லை. கணக்கு இல்லாததால் பிளாக்டு அக்கவுண்ட்டிலிருந்து மாதாமாதம் வர வேண்டிய 992 யூரோவும் வரவில்லை. என் பணம் இருக்கிறது, எடுக்க முடியாது. அப்பாவிடம் இதைச் சொல்லாமல், ஊரிலிருந்து கொண்டுவந்த ரொக்கத்தில் அந்த மாதத்தை ஓட்டினேன்.

அறை தேடும்போது ஒருவர், தான் வெளிநாட்டில் இருப்பதாகவும் முன்பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புவதாகவும் எழுதினார். படங்கள் அவ்வளவு அழகு, வாடகையும் குறைவு. தயவுசெய்து நேரில் பார்க்காத வீட்டுக்கு ஒரு யூரோ கூட அனுப்பாதீர்கள். விளம்பரத்தில் இருப்பது கால்ட் வாடகையா, வார்ம் வாடகையா என்றும் கேளுங்கள், கால்ட் என்றால் ஹீட்டர் செலவெல்லாம் தனி.

கடைசியில் நாய்க்கோல்னில் மூன்று பேர் பகிர்ந்து வாழும் வீட்டில் ஓர் அறை கிடைத்தது. சமையலறையில் உட்காரவைத்து டீ கொடுத்து ஒரு மணி நேரம் பேசினார்கள், எப்போது தூங்குவாய், பாத்திரம் உடனே கழுவுவாயா என்றெல்லாம். நான் திருப்பிக் கேட்ட முதல் கேள்வி, அன்மெல்டுங் செய்யலாமா? செய்யலாம் என்றதும் வந்த நிம்மதியை என்ன சொல்வது!

அப்புறம் டெர்மின், அதாவது அரசு அலுவலகத்தில் நேரம் வாங்குவது. இணையதளக் காலண்டரில் மாதம் முழுக்க இடமே இல்லை என்று காட்டும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மற்றவர்கள் ரத்து செய்கிற இடங்கள் வந்துகொண்டே இருக்கும், காலையில் எழுந்ததும் பார்த்துக்கொண்டே இருந்தால் சிக்கும். நம் பகுதி அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும் என்பதும் இல்லை, பெர்லினில் எந்த பியூர்கர்அம்ட் (இந்தப் பதிவைச் செய்யும் அரசு அலுவலகம்) ஆனாலும் சரி. எனக்கு ஐந்தாம் நாள் ஸ்பான்டாவ்வில் கிடைத்தது. யூ7 பாதாள ரயிலில் ஏறினால் கடைசி நிறுத்தம் அதுதான். பாஸ்போர்ட், நிரப்பிய படிவம், அந்தக் கையெழுத்துத் தாள், அவ்வளவுதான் கேட்டார்கள். கட்டணம் இல்லை, பத்து நிமிடத்தில் முடிந்தது. படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் இருக்கும், கிறிஸ்தவ நண்பர்கள் அதை யோசித்து நிரப்புங்கள், பிற்பாடு முழுநேர வேலைக்குப் போனால் சர்ச் வரி அதை வைத்துத்தான் பிடிப்பார்கள்.

அந்தத் தாளை வைத்து வங்கிக் கணக்கும் திறந்தாயிற்று, இதோடு முடிந்தது என்று இருந்தேன். இரண்டு வாரமாகியும் வங்கி அட்டை வரவில்லை, விசாரித்தால் கடிதம் திரும்பிவிட்டது என்றார்கள். முகவரி சரிதானே என்று குழம்பிக்கொண்டு அந்த வெள்ளிக்கிழமை பிரிட்ஸில் இருக்கும் மயூரபதி முருகன் கோயிலுக்குப் போனேன், அதுவும் யூ7 பாதைதான். ஈழத்துத் தமிழர்கள் கட்டிய கோயில். பிரசாதம் வாங்கும்போது ஓர் அக்காவிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். "தம்பி, தபால் பெட்டியில உங்கட பேர் போட்டிருக்கோ?" என்றார். போடவில்லை. இங்கே அடுக்குமாடியில் பொதுவாகக் கதவு எண் என்று ஒன்று கிடையாது, தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். எவ்வளவு சின்ன விஷயம், இதை யாருமே எனக்குச் சொல்லவில்லை. அன்று இரவே ஒரு துண்டுத் தாளில் பெயரை எழுதி செல்லோ டேப் போட்டு ஒட்டினேன்.

அடுத்த வாரம் வரி எண் வந்தது, அட்டை வந்தது. கூடவே பொது டிவி, ரேடியோவுக்கான ஒளிபரப்புக் கட்டணம் கேட்டும் கடிதம் வந்தது, மாதம் 18.36 யூரோ. அது ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு ஒன்று, அதனால் எங்கள் வீட்டில் ஏற்கெனவே கட்டுகிறவரின் எண்ணைக் கொடுத்து என் பங்கை அவரிடமே தருகிறேன். இந்த மாதம் விசா முடிகிறது என்று குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பித்தேன், அங்கேயும் கேட்ட தாள்களில் ஒன்று அன்மெல்டுங். ஸ்பான்டாவ்வில் கொடுத்த அந்தத் தாளை ஸ்கேன் செய்து வீட்டுக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். அம்மா அதைப் பீரோவில் என் மார்க் ஷீட்டுகளோடு வைத்திருக்கிறாள்.