ஏழு மணியிலிருந்து எட்டு மணி வரை

காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை. தமிழ்நாட்டில் தீபாவளியன்று பட்டாசு வெடிக்க இவ்வளவுதான் நேரம். 2018-இல் உச்ச நீதிமன்றம் இரவு 8 முதல் 10 வரை என்று சொன்னது. நமக்கு விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் வெடிக்கிற வழக்கமாயிற்றே என்று தமிழக அரசு போய்க் கேட்க, அதே இரண்டு மணி நேரம் இப்படி இரண்டாகப் பிரிந்தது. எங்கள் தெருவில் இதைப் பிசகாமல் கடைப்பிடிப்பது எங்கள் வீடு மட்டும்தான். நாங்கள் வெடிப்பதே இல்லை.

என் தம்பிக்கு ஆட்டிசம். மிக்ஸி போடுவதற்கு முன்னால்கூட "போடப் போறேன்டா" என்று அம்மா குரல் கொடுப்பார். காதைப் பொத்திக்கொண்டு அது ஓயும்வரை நிற்பான், சில நாள் சிரிப்பான்கூட. சொல்லாமல் போட்டால் அன்று சாப்பாட்டைத் தொடமாட்டான். சத்தத்தைவிட, அது எப்போது வரும் என்று தெரியாததுதான் அவனைப் படுத்துகிறது. அதனால் ஏழிலிருந்து எட்டு வரை சமாளித்துவிடுவோம்: ஹெட்போன், சாத்திய ஜன்னல், முழு வேகத்தில் ஃபேன், எதிரே கடிகாரம். பதினொன்றரைக்கு யாரோ மிச்சமிருந்த அணுகுண்டைக் கொளுத்துவார்கள் பாருங்கள், அப்புறம் விடியும்வரை யாருக்கும் தூக்கம் இல்லை.

வாசலில் படுக்கும் நாய் கறுப்பிக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. ஆனால் நேரம் தெரிந்தால் நாங்கள் அவளை முன்கூட்டியே மாடிப்படிக்கு அடியில் கொண்டுபோய் வைக்கலாம்.

டெசிபல் விதியும் இருக்கிறது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125-ஐத் தாண்டக் கூடாது. எங்கள் தெருவில் 4 மீட்டர் என்றால் எதிர்வீட்டு ஜன்னல். யாரும் சத்தம் அளக்கும் கருவியோடு வந்து நிற்கப் போவதும் இல்லை. சரவெடிக்கும் அதே 2018 தீர்ப்பில் தடை வந்தது, கேட்டால் கடையில் எடுத்துத் தருகிறார்கள். நேரத்தை மீறுவதைப் பிடிக்க மட்டும் எந்தக் கருவியும் வேண்டாம், கைக்கடிகாரம் போதும்.

சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடி சரணாலயத்துக்கு வரும் பறவைகள் மிரளக் கூடாதென்று பல வருடங்களாகப் பட்டாசே வெடிப்பதில்லை. அவ்வளவு பெரிய மனசையெல்லாம் எங்கள் தெருவிடம் நான் எதிர்பார்க்கவில்லை. எட்டு மணிக்கு மேல் மத்தாப்பு, சங்குசக்கரம் கொளுத்திக்கொள்ளுங்கள், வெடியை மட்டும் விட்டுவிடுங்கள் என்று தெரு வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். (சட்டப்படி அதுவும் கூடாதுதான். எனக்கு ஆட்சேபணை இல்லை.) சிலர் கட்டைவிரல் காட்டினார்கள். ஒருவர் மட்டும், "வருஷத்துல ஒரு நாள்தானேம்மா" என்றார்.

ஒரு நாள் என்றால் எனக்கும் சம்மதம்தான். அவர் வீட்டில் போன புதன்கிழமையே ஆரம்பித்துவிட்டார்கள்.