பெயிண்டர் என்று போடுங்கள்

‘விஷவாயு தாக்கி 2 பேர் பலி’ என்ற தலைப்பு செய்தித்தாளில் டபுள் காலத்தில், அதாவது இரண்டு பத்தி அகலத்தில், கச்சிதமாக உட்காரும். எழுத்தைக் குறுக்கவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். இறந்தவர்கள் மூன்று பேர் என்றால் 2-ஐ 3 ஆக்கினால் வேலை முடிந்தது. மாவட்டப் பதிப்பு டெஸ்க்கில் இருந்தவர்களுக்கு இது தெரியும். யாரும் யோசித்துப் போடுகிற தலைப்பு இல்லை அது, கை தானாகத் தட்டிவிடும்.

ஒரு ராத்திரி நான் அதை மாற்றிப் பார்த்தேன். மாற்ற நினைத்தது சரிதான் என்றே இன்றைக்கும் சொல்வேன். ஆனால் பக்கம் முடிகிற நேரத்தில் வந்த ஒரு போனுக்கு நான் பதில் சொன்ன விதம் இருக்கிறதே, அது சரியா தப்பா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

2024 தொடக்கம். ஊர்ப் பெயர் வேண்டாம், ஒரு வட மாவட்டம். பகுதிநேர நிருபர் அனுப்பிய காப்பி ஆறேழு வரிதான். வீட்டு செப்டிக் டேங்க்கைச் சுத்தம் செய்தபோது விஷவாயு தாக்கி இருவர் உயிரிழந்தனர், உடல்கள் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டன, போலீசார் விசாரிக்கின்றனர். யார் கூப்பிட்டு வந்தார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. போன் போட்டுக் கேட்டேன்.

“வீட்டு ஓனர்தான் மேடம் கூட்டிட்டு வந்திருக்காரு. லாரி போற அளவுக்கு அந்தத் தெரு அகலம் இல்ல. முதல்ல இறங்கினவர் மயங்கிட்டாரு. தூக்கலாம்னு கூட வந்தவர் இறங்கினாரு, அவரும் போயிட்டாரு.”

“இதெல்லாம் காப்பில ஏன் இல்ல?”

“174-ல போட்டிருக்காங்க மேடம், சந்தேக மரணம். எஃப்.ஐ.ஆர்.ல ஓனர் பேரே இல்ல. நாம எப்படிப் போடறது?”

நியாயமான பதில்தான். மாவட்டத்தில் இருந்துகொண்டு அந்த ஓனர் முகத்திலும் இன்ஸ்பெக்டர் முகத்திலும் தினம் விழிக்க வேண்டியவர் அவர். ஏ.சி. அறையில் இருக்கும் நான் இல்லை.

நான் போட்ட தலைப்பு: ‘செப்டிக் டேங்க்குக்குள் இறக்கப்பட்ட 2 தொழிலாளர் சாவு’. செய்தி ஆசிரியர் ப்ரூஃபைப் பார்த்துவிட்டு என் மேஜைக்கே வந்தார். அவர் மேஜையை விட்டு எழுந்து வருவது அபூர்வம்.

“இறக்கப்பட்டன்னு எப்படிம்மா சொல்ற? அவங்களே இறங்கியிருக்கலாம்ல?”

“கூலிக்குக் கூட்டிட்டு வந்திருக்காங்க சார்.”

“சரி, முதல் ஆள கூலிக்கு இறக்கினாங்கன்னே வெச்சுக்க. ரெண்டாவது ஆள யார் இறக்கினது?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அப்புறம் யோசித்தபோது இருந்தது. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு, தனிநபரோ உள்ளாட்சி அமைப்போ வேறு நிறுவனமோ, நேரடியாகவோ மறைமுகமாகவோ, யாரையும் கழிவுநீர்க் குழாயிலும் செப்டிக் டேங்க்கிலும் அபாயகரமான சுத்தப்படுத்தும் வேலைக்கு அமர்த்தக் கூடாது என்கிறது. முதல் முறை மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இறங்கியவர் சம்மதித்தாரா என்று சட்டம் கேட்கவில்லை. அமர்த்தியவர் யார் என்றுதான் கேட்கிறது. ‘விஷவாயு தாக்கி’ என்ற தலைப்பில் அந்தக் கேள்விக்கே இடம் கிடையாது. அதில் குற்றவாளி வாயு, அதைக் கைது செய்ய முடியாது.

இத்தனைக்கும் வாயு யாரையும் தாக்குவதில்லை. தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் ஒருமுறை எனக்கு விளக்கினார். ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனம், அடியில்தான் தங்கும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமாகிவிட்டால் மூக்கு செத்துவிடும், நாற்றமே தெரியாது. இறங்குகிறவர் வாடை போய்விட்டது, இனி பயமில்லை என்று நினைப்பார். சகதியைக் கலக்கக் கலக்க உள்ளே அடைபட்டிருப்பது வெளியே வரும். அவர் விழுந்ததும் மேலே நிற்பவருக்கு யோசிக்க நேரம் இருக்காது, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். இந்தச் செய்திகளில் பெரும்பாலும் ‘2 பேர்’, ‘3 பேர்’ என்று வருவது அதனால்தான். மூச்சுக்கருவி இல்லாமல் தன்னாலேயே இறங்க முடியாது என்றார் அவர். இரண்டாவது ஆளை இறக்கியது முதல் ஆளின் சாவு என்று நான் செய்தி ஆசிரியரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் தலைப்பில் அது ஏறியிருக்காது என்பது வேறு விஷயம்.

அவர் இருக்கைக்குத் திரும்பிப் போன கொஞ்ச நேரத்தில்தான் அந்த போன். நிருபர் டெஸ்க் நம்பரைக் கொடுத்திருக்கிறார். பேசியவர் இறந்தவர்களில் ஒருவருடைய அண்ணன்.

“மேடம், நாளைக்குப் பேப்பர்ல வருமா?”

“வரும்ணா.”

“செப்டிக் டேங்க்னு போடாதீங்க மேடம். தவறி விழுந்துட்டான்னு போடுங்க. அவன் பெயிண்டர். பெயிண்டர்னு போடுங்க.”

அழவில்லை, கெஞ்சவும் இல்லை. விலாசம் திருத்தச் சொல்வது மாதிரி பேசினார். தம்பிக்கு இரண்டு பிள்ளைகள், பெரியவன் பள்ளிக்கூடம் போகிறான். அந்த வேலைக்குத் தம்பி போவது வீட்டிலேயே பாதிப் பேருக்குத் தெரியாதாம். பெயிண்ட் வேலை இல்லாத நாட்களில் கூப்பிட்ட இடத்துக்குப் போவாராம்.

நான் பேசியது இதுதான், முடிந்த வரை அப்படியே எழுதுகிறேன். “அண்ணா, தவறி விழுந்துட்டாருன்னு போட்டா அது விபத்தாப் போயிடும். வேலைக்குக் கூப்பிட்டவர் தப்பிச்சுடுவார். உங்களுக்கு வர வேண்டிய பணமும் சிக்கலாகும். சுப்ரீம் கோர்ட் 30 லட்சம்னு சொல்லியிருக்கு.”

அந்தத் தீர்ப்பு 2023 அக்டோபர் 20-இல் வந்தது. அதற்கு முன் 2014 தீர்ப்பின்படி 10 லட்சம். மொழிபெயர்த்துப் போட்டவள் என்பதால் தேதியோடு நினைவில் இருந்தது.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: “பேப்பர்ல போட்டாதான் பணம் வருமா மேடம்?”

இல்லை. அதற்குத் தேவை முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, கலெக்டர் அலுவலகம். நான் “இல்ல, ஆனா...” என்று இழுத்தேன். அந்த ஆனாவுக்குப் பின்னால் சொல்ல என்னிடம் விஷயம் இருந்தது. இத்தகைய சாவுகளைக் கணக்கெடுக்கும் இயக்கங்கள் பத்திரிகைச் செய்திகளைச் சேகரிக்கின்றன. தேசியத் துப்புரவுப் பணியாளர் ஆணையமும் செய்திகளைப் பார்த்து விசாரித்திருக்கிறது. ‘தவறி விழுந்து’ என்று வந்துவிட்டால் அந்தச் சாவு எந்தப் பட்டியலிலும் ஏறாமல் போகலாம். ஆனால் பட்டியலைப் பற்றித் தம்பியின் உடல் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது ஒருவரிடம் எப்படிப் பேசுவது?

“சரி மேடம். உங்க பேப்பர், உங்க இஷ்டம்” என்று வைத்துவிட்டார்.

பட்டியல் என்று நான் சொல்வதைப் பெரிய வார்த்தையாக நினைக்க வேண்டாம். 2021 ஜூலையில் மாநிலங்களவையில் மத்திய இணையமைச்சர் ராம்தாஸ் அதாவலே எழுத்துமூலம் ஒரு பதில் தந்தார். கையால் மலம் அள்ளுவதால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்பது அதன் சாரம். அதே ஆண்டு பிப்ரவரியில் மக்களவையில், 2020 டிசம்பர் வரையிலான ஐந்து ஆண்டுகளில் கழிவுநீர்க் குழாய்களையும் செப்டிக் டேங்க்குகளையும் சுத்தம் செய்தபோது 340 பேர் இறந்ததாக இதே அரசு சொல்லியிருந்தது. இரண்டுமே பொய் இல்லை, விந்தை அதுதான். சட்டத்தில் கையால் மலம் அள்ளுவது ஒரு விளக்கத்தின் கீழும், டேங்க்குக்குள் இறங்குவது ‘அபாயகரமான சுத்தப்படுத்துதல்’ என்ற இன்னொரு விளக்கத்தின் கீழும் வருகின்றன. செத்தவர்கள் எல்லாரும் இரண்டாவது பெட்டியில் இருந்தார்கள். அதனால் முதல் பெட்டியில் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தையும் நாங்கள் ஏஜென்சி காப்பியாக வாங்கி, மொழிபெயர்த்து, உள்பக்கத்தில் சிங்கிள் காலமாகப் போட்டோம். மறுப்பும் கண்டனமும் வேறு நாள் வேறு பக்கத்தில் வந்தன.

எங்கள் ஊர்க் கதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2020-இல் தமிழக அரசு துப்புரவுப் பணியாளரைத் தூய்மைப் பணியாளர் ஆக்கியது. டெஸ்க்கில் அன்றே சுற்றறிக்கை வந்து, அன்றிலிருந்து அப்படித்தான் எழுதுகிறோம். 2025 ஆகஸ்டில் சென்னையில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாருக்கு விட்டதை எதிர்த்து ரிப்பன் மாளிகை வாசலில் அவர்கள் உட்கார்ந்தபோது, மரியாதையான பெயரோடுதான் நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். பெயர் மாற்றம் வீண் என்று சொல்ல வரவில்லை. வேண்டாம் என்று அவர்களில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த அண்ணனும் ஒரு பெயரைத்தானே கேட்டார்?

இங்கேதான் நான் மாட்டிக்கொள்கிறேன். எந்தப் பெயிண்டரையும் அப்படிக் கூப்பிட்டுவிட மாட்டார்கள். பெயிண்ட் வேலைக்கு யாரையும் கூப்பிடுவார்கள், டேங்க்கில் இறங்க யாரைக் கூப்பிடலாம் என்று அந்த வீட்டு ஓனருக்குத் தெரியும். எந்தத் தெருவுக்குப் போய்க் கேட்க வேண்டும் என்றும் தெரியும். சாதியைச் செய்தியில் எழுதுவதில்லை என்பது எங்கள் வழக்கம். ஒரு தெருவைக் கொளுத்தினாலும் ‘இரு பிரிவினரிடையே மோதல்’ என்றுதான் போடுவோம். கலவரத்தைத் தூண்டக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வந்த வழக்கம் அது, எனக்கும் மறுப்பில்லை. ஆனால் செப்டிக் டேங்க் செய்தியில் சாதியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது துரதிர்ஷ்டம்தான். ஏன் திரும்பத் திரும்ப ஒரே மக்கள் என்ற கேள்வி வாசிப்பவருக்கு வராது. அதை மறைக்கக் கூடாது என்று மேடையில் நானே பேசியிருக்கிறேன். மறைக்கச் சொன்னது ஓனராக இருந்திருந்தால் போனை வைத்திருப்பேன். சொன்னது அண்ணன்.

என் அப்பா செய்த வேலையை எந்தப் பேப்பரில் போட்டாலும் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போயிருக்க மாட்டாள். உண்மையை எழுதுவதில் எனக்கு இருக்கும் உறுதிக்கு அதுவும் ஒரு காரணமோ என்னவோ. இப்படி யோசித்துக்கொண்டே போனால் எதையுமே எழுத முடியாது என்பதும் தெரியும். டெஸ்க் வேலைக்கு இவ்வளவு யோசனை ஆகாது என்று என் கணவர் சொல்வார். அவர் வங்கியில் இருக்கிறார்.

அன்றைக்கு நான் செய்தது இரண்டுக்கும் நடுவில். தலைப்பை அப்படியே வைத்தேன். உள்ளே, ‘வீட்டு உரிமையாளர் அழைத்ததன்பேரில் செப்டிக் டேங்க்கைச் சுத்தம் செய்யச் சென்றனர்’ என்று ஒரு வரி சேர்த்தேன். தம்பியின் பெயருக்கு முன்னால் ‘பெயிண்டரான’ என்று போட்டேன். நிஜமாகவே பெயிண்டர்தான், பொய் எழுதவில்லை. கடைசியில் செய்தி ஆசிரியர் தலைப்பை மட்டும் மாற்றிப் பக்கத்தை அனுப்பிவிட்டார். காலையில் ‘விஷவாயு தாக்கி 2 பேர் பலி’ என்றுதான் வந்தது. எனக்குக் கோபம் வந்தது. கூடவே, அந்த வீட்டில் பேப்பரைப் புரட்டுகிறவர்கள் தலைப்போடு நிறுத்திக்கொள்ளக்கூடும் என்று ஒரு நிம்மதியும் வந்தது. எந்தத் தலைப்பை இத்தனை வருடம் திட்டினேனோ அதுவே அண்ணன் கேட்டதை என்னைவிட நன்றாகச் செய்து கொடுத்துவிட்டது. அவருக்கு அது தெரியாது, செய்தி ஆசிரியருக்கும் தெரியாது. இடம் பற்றாததால் மாற்றினேன் என்றார் அவர்.

கொஞ்ச நாள் கழித்து வேறு ஏதோ செய்திக்காக நிருபரிடம் பேசும்போது விசாரித்தேன். அண்ணன் அவரிடம் சண்டைக்கு வந்தாராம்.

“பெயிண்டர்னு போட்டோமே?”

“அதுக்கு இல்ல மேடம். ஓனர் பேர ஏன் போடலன்னு கேக்கறாரு.”

எஃப்.ஐ.ஆரில் பெயர் இல்லாதவரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று நிருபர் அவருக்கு விளக்கியிருக்கிறார். ஏற்றுக்கொண்டாரா என்று தெரியவில்லை. எனக்கோ வேறு கணக்கு ஓடியது. சட்டச் சிக்கலே இல்லை என்று வைத்துக்கொள்வோம். கூப்பிட்டவர் பெயர் வர வேண்டும், கூப்பிட்ட வேலை வரக் கூடாது. அப்படி ஒரு வாக்கியம் எழுத முடியுமா?

“வேலைக்குக் கூட்டிட்டுப் போனாருன்னு மட்டும் போட்டிருக்கலாமே மேடம்” என்றார் நிருபர்.

போட்டிருக்கலாம்தான். அன்று காலை அந்த மாவட்டத்தில் வந்த மற்ற பேப்பர்களையும் எடுத்துப் பார்த்திருந்தேன். எல்லாவற்றிலும் செப்டிக் டேங்க் தலைப்பிலேயே இருந்தது. ஒன்றில் படமும் போட்டிருந்தார்கள். ஓனர் பெயர் எதிலும் இல்லை.