3.5 வாட்டில் தோடி
என் வால்வு ஆம்ப்ளிஃபயரில் இடம் வலம் பக்கத்துக்கு ஒரு 2ஏ3 வால்வு, வெறும் 3.5 வாட். “இதை வைத்து என்னடா கேட்பாய்?” என்று மாமா சிரித்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. முதலில் மாட்டியது ஒரு வாட்டுக்கு 84 டெசிபல் சத்தம் தரும் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி பக்கத்துத் தெருக் கல்யாணம் மாதிரி கேட்டது, கூட்டினால் கரகரப்பு.

அப்புறம் கும்பகோணத்தில் ரேடியோ ரிப்பேர் பார்க்கும் அண்ணன் பரணிலிருந்து இரண்டு பெரிய பெட்டிகளை இறக்கினார். 12 அங்குலக் காகிதக் கோன், 96 டெசிபல், ஒரே பல்லித் தூசி. 3 டெசிபல் கூடினால் அதே சத்தத்துக்குப் பாதி வாட் போதும் அல்லவா? 12 கூடினால் பதினாறில் ஒரு பங்கு. ஆக, என் 3.5 வாட் இப்போது பழைய ஸ்பீக்கருக்கு 56 வாட் கொடுத்த மாதிரி. ஸ்பீக்கர் 8 ஓம், ஆம்ப்ளிஃபயரின் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரிலும் 8 ஓம் முனைதான், பொருத்தம் சரி.

நேற்று ராத்திரி தவில் தனி ஓடும்போது திண்ணையிலிருந்து மாமா குரல்: “கொஞ்சம் குறைடா!”