முழங்கைக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே

"அப்படியானால் நான் எங்கே உட்காருவேன், தம்பி?" என்று அந்த அம்மா கேட்டபோது அளவு நாடாவின் ஒரு முனை தரையில் என் காலுக்கடியில் இருந்தது; மறுமுனை அவருடைய முழங்கையில். 92 சென்டிமீட்டர். அதைக் குறித்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னேன். "இங்கே உட்கார வேண்டிய அவசியமே வராதம்மா. எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிடும்."

இந்தப் பதிலில் பிழை இருக்கிறதா என்று பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். இல்லையென்றுதான் தோன்றுகிறது. பிறகு ஏன் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன் என்பதுதான் தெரியவில்லை.

சமையலறை 2.1 மீட்டருக்கு 2.7 மீட்டர். இந்த அளவில் வேலை பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டாம். சிங்க், அடுப்பு, பிரிட்ஜ் மூன்றையும் நிறுத்திய பிறகு மிஞ்சுவதில்தான் நம் சாமர்த்தியம் எல்லாம். ஜன்னலுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே 45 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு மூலை மிஞ்சியிருந்தது. அதில் ஒரு மர முக்காலி, அதன்மேல் நான்காக மடித்த பழைய துணி. முதல் நாள் நான் எடுத்த புகைப்படங்களில் ஐந்தில் அந்த முக்காலி இருக்கிறது. நான் வரைந்த அளவுப் படத்தில் இல்லை. நகர்த்தக்கூடிய பொருள்களை அளவுப் படத்தில் போடுவதில்லை. தொழில் வழக்கம் அது. சுவர், ஜன்னல், குழாய், மின்இணைப்பு, இவை மட்டும்தான் படத்துக்குள் வரும்.

அந்த மூலையில் 210 சென்டிமீட்டர் உயரத்துக்கு, முழுவதும் வெளியே இழுக்கக்கூடிய ஓர் அலமாரியை வைத்தேன். இதை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் பக்க நியாயம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. சிறிய சமையலறையை நெருக்கிக் காட்டுவது தரையின் அளவு அல்ல, முகத்துக்கு நேரே தொங்கும் பெட்டிகள். அவற்றை எடுத்துவிட்டால் அதே அறை ஒன்றரை மடங்கு தெரியும். ஆனால் அவற்றில் இருந்த சாமான்கள் எங்காவது போயாக வேண்டும். இங்கே எல்லாம் அந்த உயர அலமாரிக்குள் போயின. மேடைக்கு மேலே சுவர் வெறுமையாக, 20 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒற்றைப் பலகையோடு நின்றது. ஜன்னல் வெளிச்சம் எதிலும் முட்டாமல் மேடையின் கடைசிவரை ஓடியது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் முதலில் சொன்னது அந்த வெளிச்சத்தைப் பற்றித்தான். முக்காலி இருந்திருந்தால் அந்த வெளிச்சம் இல்லை.

மற்றவற்றிலும் குறை வைக்கவில்லை. பலகைக்கு அடியில் எல்ஈடி பட்டையைச் சுவரோரம் ஒட்டாமல் முன்விளிம்பில் ஒட்டினேன். நறுக்குபவரின் நிழல் நறுக்கும் இடத்தில் விழக்கூடாது. கதவுகளுக்குப் பளபளப்பு வேண்டாமென்று மங்கலான வெளிர்பச்சை லேமினேட். பளபளப்பில் விரல் ரேகை ஒவ்வொன்றும் சாட்சி சொல்லும். கைப்பிடிகளே இல்லை, குறுகிய நடையில் அவை உடையைப் பிடித்து இழுக்கும். கீழே கதவு வைத்த அலமாரிகளுக்குப் பதிலாக ஆழமான டிராயர்கள், குனிந்து உள்ளே தலையை விட்டுத் தேடாமல் மேலிருந்தே எல்லாம் தெரியும்படி. தரையோடு 10 சென்டிமீட்டர் உள்வாங்கிய பள்ளம், கால்விரல் நுழைந்து நிற்பவர் மேடையை ஒட்டி நிமிர்ந்து நிற்க. நிற்பவருக்காக எவ்வளவு யோசித்திருக்கிறேன் பாருங்கள்.

மேடையின் உயரத்தையும் சொல்லிவிடுகிறேன். முழங்கைக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே மேடை இருப்பது கைக்கு நல்லது; இதை நான் எல்லா வீட்டிலும் அளப்பேன், பலர் அளப்பதில்லை. எங்கும் ஒரே 90 என்று போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அம்மாவுக்கு 82 வந்தது, மகளுக்கு 95. நான் 88 வைத்தேன். ஒருவருக்கு ஆறு சென்டிமீட்டர் அதிகம், ஒருவருக்கு ஏழு குறைவு. நியாயமாகப் பங்கிட்டதாக அன்றைக்கு எனக்குத் திருப்திதான். அந்த மேடைக்கு முன்னால் யார் எத்தனை மணி நேரம் நிற்கிறார்கள் என்று கேட்டிருந்தால் வேறு எண் வந்திருக்கும். கேட்கவில்லை. பணம் கொடுப்பவர் மகள், என்னை அழைத்தவரும் மகள்.

எங்கே உட்காருவேன் என்ற அந்தக் கேள்விக்கு நான்தான் முதலில் பதில் சொன்னேனா என்பதிலேயே இப்போது ஒரு குழப்பம் வந்துவிட்டது. சில சமயம் நினைத்துப் பார்க்கும்போது மகள்தான் முந்திக்கொள்கிறார்: "ஹாலில் உட்கார்ந்து நறுக்கலாமே, அம்மா." அதற்குப் பிறகே நான் பேசுகிறேன். இப்படி நினைவுக்கு வருகிற நாள்களில் நிம்மதியாக இருக்கிறது. அதனாலேயே அந்த வரிசையை நான் நம்புவதில்லை. எது முன்னால் வந்திருந்தாலும் அந்த அம்மா "சரி" என்றார் என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. முழங்கையை நான் விடச் சொல்லும்வரை மடித்தே வைத்திருந்தார்.

வாடிக்கையாளர்களிடம் நான் வழக்கமாகச் சொல்லும் ஒரு கதை உண்டு. 1926-ல் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். ஏறத்தாழ 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர். வேலையின் வரிசையைக் கணக்கிட்டு, வீண் நடையைக் குறைத்து, சாமான்களுக்கு அலுமினிய இழுப்பறைகள் வைத்து, ஏறக்குறைய பத்தாயிரம் வீடுகளில் அமைக்கப்பட்டது. இன்றைய பொருத்துச் சமையலறைகளுக்கெல்லாம் பாட்டி அதுதான். "இதைவிடக் குறுகலான இடத்திலேயே முடிந்திருக்கிறது" என்று படத்தைக் காட்டுவேன், தயங்குகிறவர்கள் தெளிந்துவிடுவார்கள். அந்த அம்மாவுக்கும் காட்டினேன். அந்தப் படத்தில் ஜன்னலுக்கு அடியில் வேலை மேசை, அதன் முன்னால் ஒரு சுழல் முக்காலி. வடிவமைப்பின் பகுதியாகவே அது இருக்கிறது, யாரோ மறந்துபோய் விட்டுச்சென்றது அல்ல. எத்தனையோ ஆண்டுகளாக அந்தப் படத்தைக் காட்டி வருகிறேன். அந்த முக்காலியை நான் பார்த்தது இந்தக் கதை நடந்து முடிந்த பிறகுதான்.

(அதை வரைவதற்கு முன்பு தான் சமைத்ததே இல்லை என்று ஷூட்டே-லிஹோட்ஸ்கியே பின்னாளில் சொல்லியிருக்கிறார். சமைக்கத் தெரியாதவருக்கு முக்காலி நினைவுக்கு வந்தது. எனக்கு ஓரளவு சமைக்கத் தெரியும்.)

எங்கள் தொழிலில் வேலை முக்கோணம் என்று ஒன்றைச் சொல்வார்கள். 1940களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வுகளிலிருந்து வந்தது. சிங்க், அடுப்பு, பிரிட்ஜ் மூன்றையும் இணைக்கும் கோடுகளின் கூட்டுத்தொகை ஏறக்குறைய நான்கு மீட்டரிலிருந்து எட்டு மீட்டருக்குள் இருக்க வேண்டும். இங்கே எனக்கு 3.8 வந்தது. கீழ் எல்லைக்கும் கீழே என்பதைக் குறையாக எடுத்துக்கொள்ளாமல், பாருங்கள் எவ்வளவு மிச்சம் என்று பெருமையாகச் சொன்னேன். முக்கோணம் நடையைத்தான் எண்ணும். நாற்பது நிமிடம் ஓரிடத்தில் நிற்பவரின் கணக்கு அதில் பூஜ்யம்.

நான்கு மாதம் கழித்து மகள் தொலைபேசியில் அழைத்தார். ஜன்னலோரக் கீழ் டிராயர் மூட மறுக்கிறதாம். கொடுத்த சேனலில், அதாவது டிராயர் ஓடும் இரும்புப் பட்டையில், கோளாறு என்று பொருள் அனுப்பியவரைத் திட்டிக்கொண்டே போனேன். டிராயரைக் கழற்றிப் பார்த்தால் இரண்டு சேனலும் முன்பக்கம் கீழ்நோக்கி வளைந்திருந்தன. முழுவதும் வெளியே இழுத்த நிலையில் முன்விளிம்பில் பாரம் ஏறினால்தான் அப்படி வளையும். உள்ளே அடுக்கிய பாத்திரங்களின் எடை பரவலாக இறங்கும். அந்தச் சேனல் 30 கிலோ தாங்கும் வகை.

தரையிலிருந்து அந்த டிராயரின் மேல்விளிம்பு 45 சென்டிமீட்டர். முக்காலியின் உயரம்.

நான் தரையில் உட்கார்ந்திருந்தேன், சேனல் கையில். மகள், "பாத்திரங்களை அதிகமாக அடுக்கிவிட்டோமோ, சார்?" என்றார். அந்த அம்மா ஹால் வாசலில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார். புதிய சேனலைப் பொருத்திவிட்டு எழுந்து, "அதிகப் பாரம் ஏற்றாதீர்கள்" என்றேன். மகளைப் பார்த்துத்தான் சொன்னேன். "சரி, தம்பி" என்று பதில் வந்தது வாசலிலிருந்து.

முதல் பதிலுக்காவது அறியாமை என்ற காரணம் உண்டு. இரண்டாவதற்கு அது கிடையாது. ஆனால் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? "நீங்கள் இதில் உட்கார்ந்தீர்களா?" என்று மகளுக்கு முன்னால் கேட்டு அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதா? அவர் உட்காராமலும் இருந்திருக்கலாம். வீட்டுக்கு வந்த குழந்தை ஏறி நின்றிருக்கலாம், கனமான பாத்திரத்தை யாராவது விளிம்பில் சாய்த்து வைத்திருக்கலாம். வளைந்த இரண்டு இரும்புப் பட்டைகளை வைத்துக்கொண்டு ஒருவருடைய முதுகுவலி வரைக்கும் நான் கதை கட்டுகிறேன். அவருக்கு முதுகுவலி உண்டா என்பதும் எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு எல்லா வீட்டிலும் "சமையலறையில் எங்கே உட்காருவீர்கள்?" என்று கேட்கிறேன். பெரும்பாலும் சிரிக்கிறார்கள். அந்த இடத்தில் இன்னொரு டிராயர் போட்டுத் தாருங்கள் என்கிறார்கள். ஒரே ஒரு வீட்டில், நானாக வற்புறுத்தி, மேடையின் முனையில் மடித்து இறக்கக்கூடிய சிறு இருக்கை ஒன்றை வைத்தேன். இரண்டு மாதம் கழித்துப் போனபோது அதன்மேல் காலிப் பைகளும் ஒரு குடையும் இருந்தன. அதைப் பார்த்ததும் ஒரு கணம் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை என்னவென்று சொல்வது.

என் வேலைகளின் படத்தொகுப்பில் அந்த வெளிர்பச்சைச் சமையலறைதான் இன்றும் முதல் படம். அந்த வெளிச்சத்துக்காகவே மூன்று பேர் என்னைத் தேடி வந்திருக்கிறார்கள். மாற்ற மனமில்லை, மாற்றுவதற்குக் காரணமும் இல்லை, படத்தில் எந்தக் குறையும் இல்லை. மடித்தால் நான்கு சென்டிமீட்டர் தடிமனுக்கு வருகிற முக்காலி ஒன்றை வாங்கி அலுவலகத்தில் வைத்திருக்கிறேன். பிரிட்ஜுக்கும் அலமாரிக்கும் இடையே காற்றோட்டத்துக்கு விட்ட ஐந்து சென்டிமீட்டர் சந்தில் அது நிற்கும். அளந்து பார்த்துத்தான் வாங்கினேன். வாங்கி ஆறு வாரமாகிறது. எதற்காக இதைக் கொண்டுவந்தேன் என்று மகள் கேட்டால் சொல்வதற்கு ஒரு வாக்கியம் இன்னும் அமையவில்லை.

போன வெள்ளிக்கிழமை அந்த வீட்டிலிருந்து மறுபடியும் அழைப்பு வந்தது. அதே டிராயர். ஆள் அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.