பெங்களூர் பப்பும் நீடாமங்கலத்து மேடையும்

கச்சேரியில் கலாட்டா என்றதும் எல்லோரும் குடியைத்தான் குற்றம் சொல்வார்கள். குடியும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் பாட்டின் சத்தத்தை ஏற்றி இறக்கும் மிக்சர் கருவிக்குப் பின்னால் நின்று கூட்டத்தைப் பார்த்தே பிழைப்பை ஓட்டியவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது அடிதடி ஆரம்பிப்பது அபூர்வம். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்காமல் இழுத்துக்கொண்டே போகிற நேரத்தில்தான் அது ஆரம்பிக்கும். இல்லையென்றால், பாடுகிறவர் என்ன பாடுகிறார் என்றே பின்னால் நிற்பவனுக்குக் கேட்காதபோது ஆரம்பிக்கும். இதை நான் கற்றுக்கொண்டது பெங்களூரில், ராக் இசைக்குழுக்கள் வாசித்த பப்புகளில், அதாவது பீர் குடிக்கிற கடைகளில். இப்போது நீடாமங்கலம், மன்னார்குடி, வலங்கைமான் பக்கம் திருவிழா மேடைகளில் சவுண்டு ஆபரேட்டராக நிற்கும்போது எனக்குக் கைகொடுப்பது அந்தப் பாடம்தான்.

மாமா நீடாமங்கலத்தில் மைக் செட் கடை வைத்திருந்தார். அஹுஜா ஆம்ப்ளிஃபயர், கூம்பு ஸ்பீக்கர், டியூப் லைட், சீரியல் செட். ஒயர் சுருட்டுவதிலிருந்து தென்னை மரத்தில் ஏறி ஸ்பீக்கர் கட்டுவது வரை எல்லாம் அவரிடம் பழகியதுதான். எங்கள் பக்கத்துப் பையன்கள் வேலைக்கென்று கிளம்பினால் ஒன்று திருப்பூர், இல்லையென்றால் பெங்களூர். தஞ்சாவூரில் மைசூர் ரயிலில் ஏறிக்கொண்டால் மறுநாள் காலையில் பெங்களூர். எங்கள் ஊர் அண்ணன் ஒருவர் அங்கே ஒரு பப்பில் சமையல் வேலையில் இருந்தார். சவுண்டு பார்க்க ஆள் வேண்டும் என்று அவர் சொன்னதும் கிளம்பிவிட்டேன். 2003 ஏப்ரலில் ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற இங்கிலாந்து ராக் குழு பெங்களூரில் வாசித்துவிட்டுப் போயிருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது கேட்டவர்கள் எல்லோரும் இன்னும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பிரிகேட் ரோடு, சர்ச் ஸ்ட்ரீட், ரெசிடென்சி ரோடு, ரெஸ்ட் ஹவுஸ் ரோடு. அந்தச் சின்ன வட்டத்துக்குள் அத்தனை பப்புகள். வெள்ளைக்காரன் காலத்து ராணுவக் குடியிருப்பு, உள்ளூரிலேயே பீர் ஆலைகள், மேற்கத்திய இசை தெரிந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், இவையெல்லாம் ஒரே இடத்தில் அமைந்த ஊர் அது. 1980-களின் பிற்பகுதியில் அங்கே பப்புகள் முளைக்க ஆரம்பித்தன. ரெஸ்ட் ஹவுஸ் ரோட்டில் இருக்கும் பெக்கோஸ் 1989-ல் திறந்தது. சுவரெல்லாம் பழைய ராக் கலைஞர்களின் படங்கள், குறுகலான மாடிப்படி, மரப் பெஞ்சு. எங்கள் வேலை இல்லாத நாட்களில் அங்கே போய் உட்கார்ந்து மற்ற ஊழியர்களோடு பாட்டுக் கேட்பேன். தமிழுக்கும் பஞ்சமில்லை. தண்டு என்று சொல்லும் கன்டோன்மென்ட் பகுதியில் அல்சூர், சிவாஜி நகர் பக்கமெல்லாம் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள்தான். மேடையில் ஆங்கிலத்தில் உறுமுகிற பாடகர் இறங்கி வந்து, "அண்ணே, மானிட்டர்ல என் குரலைக் கொஞ்சம் ஏத்துங்க" என்பார். மானிட்டர் என்பது பாடுகிறவருக்கே கேட்பதற்காக மேடையில் வைக்கும் ஸ்பீக்கர்.

நான் வேலை பார்த்த அறை தாழ்ந்த கூரை கொண்டது. மூலையில் ட்ரம்ஸ், அதை ஒட்டி இரண்டு கிதார், ஒரு பேஸ் கிதார், நடுவில் பாடகர். முதல் வரிசை மேஜைக்கும் பாடகருக்கும் இடையில் ஓர் ஆள் நடந்து போகிற இடைவெளிதான். இந்த மாதிரி அறையில் ட்ரம்ஸுக்கு மைக்கே தேவையில்லை. அடித்தாலே அறை நிறைந்துவிடும். அதற்கு மேல் தன் சத்தம் கேட்க வேண்டும் என்று கிதார்காரர் ஆம்ப்ளிஃபயரைத் திருகுவார். பேஸ்காரரும் திருகுவார். கடைசியில் பாடகர் குரல் அடியில் அமுங்கிப் போகும். அதைத் தூக்கப் போனால் மைக் கூவும்.

அங்கே எனக்கு முன்னால் ஆபரேட்டராக இருந்த அண்ணன் ஒரு வழி காட்டினார். கிதார் ஆம்ப்ளிஃபயர் பெட்டி தரையில் இருந்தால் சத்தம் வாசிக்கிறவரின் முழங்காலுக்குத்தான் போகும். அவருக்குக் கேட்காது, எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு மண்டை பிளக்கும். பெட்டியை ஒரு காலி பீர் கிரேட் மேல் ஏற்றி, அவர் காதைப் பார்க்கிற மாதிரிச் சாய்த்து வைத்தால், அவரே "ரொம்ப ஜாஸ்தியா இருக்கே" என்று குறைத்துவிடுவார். யாரிடமும் குறை என்று கேட்கவே வேண்டாம். இன்றைக்கும் எங்கள் பக்கத்து ஆர்கெஸ்ட்ரா மேடைகளில் முதல் வேலையாக நான் தேடுவது இரண்டு செங்கல்லும் ஒரு பலகையும்தான். கீபோர்டுக்காரரின் ஸ்பீக்கரை அவர் காதுக்குத் திருப்பி வைக்க.

இன்னொன்று, சாயங்காலம் காலி அறையில் சவுண்டு செக் பார்ப்பதை அப்படியே நம்பக் கூடாது. காலி அறையில் சுவரில் பட்டுச் சத்தம் பளபளவென்று திரும்பும். ஆட்கள் நிறைந்ததும் உடம்பும் துணியும் அதைக் குடித்துவிடும். எட்டு மணிக்கு மேல் குரலில் கூர்மை போய்விடும், மறுபடி ஏற்ற வேண்டும். கூட்டத்தையும் ஒரு கருவியாக எண்ணி மிக்ஸ் பண்ண வேண்டும் என்பார் அந்த அண்ணன்.

ஒரு சனிக்கிழமை ராத்திரி நடந்தது இது. இரண்டு மேஜைக்காரர்களுக்குள் ஏற்கனவே முறைப்பு இருந்தது. பாட்டு ஓடும்வரை இரு தரப்பும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். கிதார்காரரின் தந்தி அறுந்தது. அவர் குனிந்து பையில் புதுத் தந்தி தேட, பாடகர் தண்ணீர் குடிக்கத் திரும்ப, மேடை சும்மா ஆனது. அவ்வளவுதான். ஒருவன் எழுந்தான், இன்னொருவன் கண்ணாடி மக்கைத் தூக்கினான், பெஞ்சு சரிந்தது. பவுன்சர்கள் வாசலிலிருந்து கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வர நேரம் ஆகும். அதற்குள் ட்ரம்ஸ்காரர், அல்சூர் பையன், என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு கிக் ட்ரம்மை மட்டும் நிதானமாக மிதிக்க ஆரம்பித்தார். பேஸ்காரர் அதில் சேர்ந்துகொண்டார். நான் பேஸை ஏற்றினேன், மரத்தரை அதிர்கிற அளவுக்கு. முதலில் சுவரோரம் நின்ற பெண்கள் கை தட்டினார்கள், அப்புறம் நடு மேஜைகள். சண்டைக்கு எழுந்தவர்களைச் சுற்றி அறை முழுக்கத் தாளம். மக்கைத் தூக்கியவன் அதை மேஜையில் வைத்தான். கிதார்காரர் தந்தி மாட்டி முடிக்கும்வரை அந்தத் தாளம் நிற்கவில்லை. மறுநாள் மேனேஜர் எல்லாக் குழுக்களுக்கும் ஒரு விதி போட்டார்: "என்ன ஆனாலும் சரி, ஸ்டேஜ் சும்மா இருக்கக் கூடாது."

குடியே இல்லாத மேடைகளும் அங்கே உண்டு. 1996 முதல் ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி ஃப்ரீடம் ஜாம் என்று ஓர் இலவச இசைவிழா நடந்து வந்தது. ஒரு குழு இறங்கினால் அடுத்த குழு ஏறும். எல்லோரும் உள்ளூர்ப் பிள்ளைகள். 2007 மார்ச் 17 அன்று பேலஸ் கிரவுண்ட்ஸில் அயர்ன் மெய்டன் என்ற இங்கிலாந்து ராக் குழு வாசித்தது. நான் வெகு தூரத்தில் நின்றேன். கிதார் வாசித்த மெட்டையே கூட்டம் வாயால் பாடியது, வார்த்தை இல்லாமல், வெறும் மெட்டாக. வடகிழக்கிலிருந்து ரயிலேறி வந்த பையன்களும் என் பக்கத்தில் நின்று அதைப் பாடினார்கள். அவ்வளவு கறுப்புச் சட்டைகள், அவ்வளவு கத்தல், ஆனால் என் கண்ணில் ஒரு தள்ளுமுள்ளுகூடப் படவில்லை. எல்லோருக்கும் கேட்டது, எல்லோருக்கும் அதில் வேலை இருந்தது.

பப்புகளுக்கு வேறு விதமான நெருக்கடி வந்தது. அப்போது 11.30 மணிக்குக் கடையை மூடியாக வேண்டியிருந்தது. பதினொன்றுக்கே போலீஸ் ஜீப் வந்து வாசலில் நிற்கும். 2005-ல் பெங்களூர் போலீஸ் கமிஷனர் நகரத்துக்கென்று ஒரு பொதுக் கேளிக்கை உரிம ஆணை கொண்டுவந்தார். லைவ் பேண்ட், கேபரே, டிஸ்கோ மூன்றையும் அது ஒரே கயிற்றில் கட்டியது. பெண்களை ஆடவைத்துக் காசு பார்த்த பார்களும், நான்கு பையன்கள் கிதார் வாசிக்கிற எங்கள் அறையும் சட்டத்தின் கண்ணில் ஒன்றாகிவிட்டன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2018 ஜனவரியில் ஆணை செல்லும் என்று தீர்ப்பானது. நான் அதற்கு முன்பே ஊர் திரும்பிவிட்டேன். இசை வாசிக்கும் அறையையும் மற்ற அறைகளையும் பிரித்துப் பார்க்காதது பெரிய அநியாயம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

ஊரில் மாமாவுக்கு வயதாகிவிட்டது, கடை என் கைக்கு வந்தது. எங்கள் வேலை வயலோடு கட்டிப்போட்டது. சம்பா அறுத்துத் தையில் காசு வந்தால்தான் மாசி, பங்குனி, சித்திரையில் திருவிழாவுக்கு ஆர்கெஸ்ட்ரா. ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கிறதா என்று விவசாயி பார்ப்பதைப் போல நானும் பார்ப்பேன். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு எத்தனையோ கிராமங்களில் சாமி புறப்பாடு மட்டும்தான், கச்சேரி இல்லை.

இங்கே கலாட்டா சீட்டில் ஆரம்பிக்கும். "மேலத்தெரு இளைஞர்கள் சார்பாக இந்தப் பாட்டு" என்று ஒரு சீட்டு மேடைக்கு வரும். உடனே கீழத்தெருவிலிருந்து இரண்டு சீட்டு. அறிவிப்பாளர் நன்கொடை கொடுத்தவர் பெயர், சால்வை போர்த்துகிறவர் பெயர், காணாமல் போன குழந்தை என்று வாசித்துக்கொண்டே போவார். மேடை செத்துக் கிடக்கும். விசில் பறக்கும், செருப்பு பறக்கும். இப்போது என் மேடையில் அறிவிப்பின் அடியில் ரிதம் பேடும் கீபோர்டும் மெல்ல ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். குழுக்காரர்களிடம் இதை முதலிலேயே பேசிவிடுவேன். கமிட்டிக்காரர்கள் ஆரம்பத்தில் முகம் சுளித்தார்கள், அப்புறம் அவர்களே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

தெருவின் கடைசி வரை ஸ்பீக்கர் பாக்ஸ் கட்டச் சொல்வார்கள். சத்தம் நூறு மீட்டர் போக ஏறக்குறைய 0.3 வினாடி ஆகும். ஒயர் வழியாகப் போவது உடனே போய்விடும். ஆக, கடைசியில் நிற்பவருக்கு ஒரே பாட்டு இரண்டு தடவை கேட்கும், ஒரு சொல்லும் விளங்காது. தூரத்து பாக்ஸை அந்த அளவுக்குத் தாமதப்படுத்தினால் போதும், குறைந்த சத்தத்திலேயே தெளிவாகிவிடும். அதற்கான கருவி இப்போது கைக்கெட்டும் விலையில் கிடைக்கிறது. ஆனாலும் "பேஸ் பத்தலை, ஏத்து" என்றுதான் பலர் கேட்கிறார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ம் ஆண்டு விதி இருக்கிறது. பத்தே முக்காலுக்கு இன்ஸ்பெக்டர் வந்து நிற்கும்போது கமிட்டிக்குப் பதில் நான்தான் முன்னால் போக வேண்டியிருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு தவில்காரர் இருக்கிறார், எனக்குப் பெரியப்பா முறை. பெங்களூர்க் கதையெல்லாம் சொன்னேன். தந்தி அறுந்த ராத்திரியைச் சொன்னபோது சிரித்தார். "இதுல என்னடா தம்பி புதுசு? சாமி நாலு வீதி வரும்போது ஒரு முக்குல நிக்கும். நாதஸ்வரம் அப்ப மூச்சு வாங்கும். தவில் மூச்சு வாங்கக் கூடாது. வாங்கினா கூட்டம் கலையும், இல்லேன்னா சண்டை வரும்." மைக் வருவதற்கு முன்பே திறந்த வெளியில் ஆயிரம் பேரைக் கட்டி வைத்த வாத்தியங்கள் இவை. அவருக்கு இப்போது வலது காது மந்தம். கேட்டபோது எனக்குப் பகீர் என்றது. 100 டெசிபல் சத்தத்தில் கால் மணி நேரம்தான் பாதுகாப்பு என்று கணக்கு. நாங்கள் நிற்பதோ மணிக்கணக்கில். ஸ்பாஞ்ச் காதடைப்பான் ஒரு டப்பா வாங்கி வைத்திருக்கிறேன். பையன்கள் போட்டுக்கொள்ளாவிட்டால் மிக்சரில் கை வைக்க விடமாட்டேன்.

தஞ்சாவூர், கும்பகோணம் கல்லூரிகளில் கிதாரும் ட்ரம்ஸும் வாசிக்கிற பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். ஆண்டு விழாவில் இரண்டு பாட்டு, அதோடு சரி. அவர்கள் வாசிக்க டெல்டாவில் ஓர் அறை கிடையாது. டாஸ்மாக் பாரில் பாட்டுக்கு இடமில்லை, சபாவில் ட்ரம்ஸுக்கு இடமில்லை. சனிக்கிழமை தவறாமல் முப்பது பேர் முன்னால் வாசித்தால்தான் ஒரு குழு தேறும். அந்தச் சின்ன பப்பில் அப்படித் தேறியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண மண்டபங்கள் பூட்டித்தான் கிடக்கின்றன. எனக்குத் தெரிந்த மண்டபக்காரர் ஒருவரிடம் பேசியிருக்கிறேன். சாப்பாட்டுக் கூடத்தைச் சனிக்கிழமைகளில் கொடுப்பார், பீர் கிடையாது, டீயும் பஜ்ஜியும். தரை கிரானைட், சுவர் டைல்ஸ், கை தட்டினாலே ஊளையிடுகிறது. பின் சுவரிலும் பக்கவாட்டிலும் நெல் சாக்கை இரண்டு மடிப்பாகத் தொங்கவிடலாம் என்று அளவெடுத்து வைத்திருக்கிறேன். பத்து மணிக்குள் முடித்துவிடுகிறோம் என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறார், கொடுத்துவிடலாம். வாடகைதான் இன்னும் முடிவாகவில்லை. கரண்டு பில்லை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.