ஊக்கு, லாடம், சேறு

மே 2, 2025, வெள்ளி

நாளை அமெரிக்காவில், சர்ச்சில் டவுன்ஸ் மைதானத்தில் கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயம். நமக்கு ஞாயிறு விடிகாலை நாலரை மணி. ஊரே ஜர்னலிசம் என்ற குதிரையின் பக்கம். சாண்டா அனிடா டெர்பியில் ஓடியவை ஐந்தே குதிரைகள் என்றாலும், நெரிசலில் மாட்டிக்கொண்டு வெளியே வந்து பேசா என்ற குதிரையைப் பிடித்த விதம் லேசானதல்ல. தகப்பன் கர்லின். டெர்பியின் ஒன்றேகால் மைலுக்கு அந்தப் பெயரே ஒரு தைரியம்.

தகராறெல்லாம் சாவரின்ட்டி என்ற இன்னொரு குதிரை விஷயத்தில்தான். தகப்பன் இன்டு மிஸ்சீஃப். 12,500 டாலர் இனச்சேர்க்கைக் கட்டணத்தில் பொலிகுதிரை வாழ்க்கையைத் தொடங்கி, இரண்டரை லட்சம் டாலர் வரை போனவன். "வேகம் வரும், தூரம் வராது" என்பது அவன் பிள்ளைகள்மேல் பழைய புகார். 2020-இல் ஆதென்டிக் டெர்பி ஜெயித்த பிறகும் அதையே சொல்கிறார்கள். சாவரின்ட்டியின் தாய் கிரவுன்ட் (Crowned) என்பவளைப் பாருங்கள் என்கிறேன் நான். அவளுடைய தகப்பன் பெர்னார்டினி, அவனுடைய தகப்பன் ஏ.பி. இண்டி, அவனுடைய தாய்வழித் தாத்தா அந்தக்கால ஜாம்பவான் செக்ரடேரியட். ஆனால் நாளை ஓடும் எல்லாக் குதிரைகளுக்குமே ஏதோ ஒரு வழியில் செக்ரடேரியட் மூதாதையாம். அப்படியென்றால் அந்தப் பெயரை வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும் முடியாது, ஒதுக்கவும் முடியாது.

இதே "தூரம் வராது" புகார் செக்ரடேரியட்மேலும் இருந்தது. 1973 உட் மெமோரியல் பந்தயத்தில் மூன்றாவதாக வந்ததும், தகப்பன் போல்ட் ரூலரின் ரத்தம் இவ்வளவுதான் என்று கை கழுவினார்கள். உண்மையில் அதற்கு உதட்டின் உள்ளே சீழ்க்கட்டி. இரண்டு வாரம் கழித்து டெர்பியை 1 நிமிடம் 59 2/5 விநாடியில் ஓடியது. இன்றுவரை அதுதான் சாதனை. நிஜமான காரணமும் சில சமயம் இருக்கிறது என்பதற்காக இதைக் குறித்துவைக்கிறேன்.

மே 4, ஞாயிறு

சாவரின்ட்டி! தடம் முழுக்கச் சேறு. புறப்பட்டவுடனே இடிபட்டு, வெகு பின்னால் கிடந்தது. ஜாக்கி ஆல்வராடோ பதறவில்லை. கடைசித் திருப்பத்தில் வெளிப்பக்கமாகக் கொண்டுவந்தார். நேர்ப்பாதையில் ஜர்னலிசமும் இதுவும் கொஞ்ச தூரம் தோளோடு தோள் போனதைப் பலமுறை ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஜர்னலிசத்தின் தலை முதலில் ஆடுகிறது, அப்புறம்தான் கால் தளர்கிறது. ஒன்றரைக் குதிரை நீள வித்தியாசம். பேசா மூன்றாவது.

வாட்ஸ்அப் குழுவில் விடியும் முன்பே சாக்குகள் வரிசைகட்டின. சேறாம், முதல் திருப்பத்தில் இடித்தார்களாம். இடித்தது உண்மை. ஜெயித்த குதிரையும்தான் இடிபட்டது! சேறு ஒரு குதிரைக்கு மட்டும் தனியாகப் போட்டதா என்ன? ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். காய்ந்த தடத்தில் இவை மறுபடி சந்திக்கும்போது பார்க்கலாம் என்று எழுதிவிட்டு அலைபேசியை அணைத்தேன்.

மே 7, புதன்

சாவரின்ட்டி அடுத்த பந்தயமான பிரீக்னஸில் ஓடாது. இரண்டே வார இடைவெளி வேண்டாம், குதிரைக்கு எது நல்லதோ அதுதான் என்கிறார் பயிற்சியாளர் பில் மாட். டெர்பி, பிரீக்னஸ், பெல்மான்ட் மூன்றும் சேர்ந்த மும்மகுடத்தை அவமதித்துவிட்டார் என்று ஏக வசவு. எனக்கும் வருத்தம்தான். ஆனாலும் ஓடுவதற்கு முன்னால் சொல்லும் காரணத்தையும் தோற்ற பின் சொல்வதையும் ஒரே தட்டில் வைக்கமாட்டேன்.

மே 18, ஞாயிறு

பிரீக்னஸ் நடந்த பிம்லிக்கோவில் ஜர்னலிசம் செய்ததை என்னவென்று சொல்ல! திருப்பம் முடியும் இடத்தில் இரண்டு பக்கமும் குதிரைகள், நடுவே ஓர் ஆள் நுழையும் சந்து. ஜாக்கி ரிஸ்போலி நுழைந்தார். மோதல், தடுமாற்றம். அதற்குள் காஸ்கர் என்ற குதிரை எங்கேயோ போய்விட்டது. தோற்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அரை நீளத்தில் ஜெயித்துவிட்டது.

ஜூன் 5, வியாழன்

பெல்மான்ட் நெருங்கினால் பழைய சாக்குகள் நினைவுக்கு வரும். என் பட்டியலில் முதலிடம் 1979-க்குத்தான். மும்மகுடத்துக்கு ஒரு படி பாக்கி இருந்த ஸ்பெக்டாகுலர் பிட் மூன்றாவதாக வந்தது. அன்று காலை குதிரை ஓர் ஊக்கை மிதித்துவிட்டது என்றார் பயிற்சியாளர் பட் டெல்ப். சேலைக்குக் குத்தும் ஊக்குதான். குத்தியிருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் எடுத்த எடுப்பில் ஜெயிக்க வாய்ப்பே இல்லாத ஒரு குதிரையைத் துரத்திப்போய், ஒன்றரை மைல் பந்தயத்தில் மூச்சைக் கொட்டிவிட்டு வந்ததை எல்லோரும்தான் பார்த்தார்கள். அந்தக் குதிரை 30 ஓட்டத்தில் 26 ஜெயித்தது. அதற்கு ஊக்கு தேவையே இல்லை.

அடுத்தது 2008, பிக் பிரவுன். பெல்மான்ட் வெற்றி ஏற்கெனவே கையில் இருப்பதுபோல் பேசிய பயிற்சியாளர் ரிக் டட்ரோ, குதிரை கடைசியாக வந்ததும் முதலில் ஜாக்கியைக் குறை சொன்னார். அப்புறம் பின்னங்கால் லாடம் கழன்றிருப்பதுபோல் ஒரு புகைப்படம் வந்தது. குளம்பில் ஏற்கெனவே வெடிப்பு, ஓட்டத்தில் ஜாக்கி, படத்தில் லாடம். ஒரு தோல்விக்கு மூன்று காரணம் இருந்தால் எனக்கு மூன்றிலும் நம்பிக்கை குறைந்துவிடும்.

ஆனால் ரத்தம் வேறு கதை சொல்கிறது. பிக் பிரவுனின் மகள் பூக்கா. அவள் ஈன்ற மேஜ் 2023-இல் டெர்பி ஜெயித்தது, டார்னாக் 2024-இல் பெல்மான்ட் ஜெயித்தது. இப்போது இன்னொரு பிள்ளை பேசா. தாத்தா தோற்ற பந்தயத்தைப் பேரன் ஜெயித்துவிட்டான். (தாத்தாவுக்கு ஒன்றரை மைல், பேரனுக்கு சாரட்டோகாவில் ஒன்றேகால் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

ஜூன் 8, ஞாயிறு

பெல்மான்ட் பூங்காவில் கட்டுமான வேலை என்பதால் இந்த வருடமும் சாரட்டோகாதான், தூரமும் ஒன்றேகால் மைல். முதலில் சாவரின்ட்டி, மூன்று நீளம் தள்ளி ஜர்னலிசம், அடுத்து பேசா. டெர்பியின் அதே வரிசை! சேறு இல்லாமலே.

குழு கொஞ்ச நேரம் அமைதி. பிறகு ஒருவர்: "அது ஐந்து வாரம் ஓய்வெடுத்த குதிரை சார், இது மூன்று பந்தயமும் ஓடியது." சரி, இதில் விஷயம் இருக்கிறது. மூன்றையும் ஓடியது ஜர்னலிசம் ஒன்றுதான். ஆனால் டெர்பிக்கு இருவரும் புதிதாகத்தான் வந்தார்கள், அப்போதும் வரிசை மாறவில்லையே?

ஆகஸ்ட் 24, ஞாயிறு

டிராவர்ஸ் பந்தயம். சாவரின்ட்டி பத்து நீளத்தில் ஜெயித்தது. தூரம் வராத ரத்தமாம்.

அக்டோபர் 30, வியாழன்

சாவரின்ட்டிக்குக் காய்ச்சல். பிரீடர்ஸ் கப் கிளாசிக் பந்தயத்திலிருந்து விலக்கிவிட்டார்கள். இத்தனை கோடி பணம் புழங்கும் இடத்தில், ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் காய்ச்சல் என்று சொல்லும் ஆசையை மாட் அடக்கிக்கொண்டார். அந்த மனுஷனுக்கு ஒரு கும்பிடு.

நவம்பர் 2, ஞாயிறு

டெல் மாரில் ஜப்பானின் ஃபாரெவர் யங். கிளாசிக்கை ஒரு ஜப்பான் குதிரை ஜெயிப்பது இதுவே முதல் முறை. இரண்டாவதாக வந்தது சியரா லியோன். 2024 டெர்பியின் நேர்ப்பாதை முழுக்க ஃபாரெவர் யங்கை இடித்துக்கொண்டே வந்த அதே குதிரை. அன்று ஃபாரெவர் யங் மயிரிழையில் மூன்றாவது. அதன் ஜாக்கி ஆட்சேபமே எழுப்பவில்லை. பயிற்சியாளர் யாஹாகி குதிரையை ஊருக்குக் கொண்டுபோய், மறுபடி தயார் செய்து கூட்டிவந்தார்.

ஜர்னலிசம் நான்காவது. மார்ச்சிலிருந்து எட்டாவது ஓட்டம், களைத்துவிட்டது என்கிறது குழு. அதை மறுத்து எழுத எனக்கும் மனசு வரவில்லை.